குதிருக்கு இரண்டு வாய்: ஏடுகள் டிஜிட்டல் களஞ்சியத்துக்குள் எப்படிப் போகின்றன, எப்படி வெளியே வருகின்றன

"பழஞ்சுவடிகள் டிஜிட்டல் மயம்", "இத்தனை லட்சம் பக்கங்கள் ஸ்கேன் செய்யப்பட்டன" என்று அடிக்கடி செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டுத் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ இருக்கும் ஓர் ஆய்வு மாணவர் இணையத்தில் தேடுகிறார். ஒன்றும் கிடைப்பதில்லை. அப்படியானால் செய்தி பொய்யா? பெரும்பாலும் இல்லை. படங்கள் ஏதோ ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஸ்கேன் எடுப்பதற்கும் அது வாசகர் கைக்கு வருவதற்கும் நடுவே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பொருளைக் களஞ்சியத்தில் விவரத்தோடு ஒப்படைப்பது. மற்றொன்று, அந்தக் களஞ்சியத்தை மற்ற தளங்களோடு இணைப்பது. இரண்டும் செய்திகளில் பேசப்படுவதில்லை, திட்டச் செலவிலும் கடைசியில்தான் வருகின்றன.

டெல்டா வீடுகளில் நெல் போட்டு வைக்கும் குதிர்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. மேலே ஒரு வாய், நெல்லைக் கொட்டுவதற்கு. அடியில் ஒரு சின்னத் துளை, வேண்டியபோது திறந்து எடுப்பதற்கு. டிஜிட்டல் களஞ்சியத்துக்கும் இந்த இரண்டும் வேண்டும். நம் பக்கத்தில் நடக்கும் திட்டங்கள் பலவற்றில் நடுவிலுள்ள வயிறு மட்டும் பெரிதாகக் கட்டப்படுகிறது.

களஞ்சியம் என்றால் எது?

ஒரு பிடிஎஃப்பை கூகுள் டிரைவில் போட்டு இணைப்பை அனுப்பினால் அது களஞ்சியம் ஆகாது. கல்லூரி இணையதளத்தில் "பதிவிறக்க" என்று ஒரு பொத்தான் வைத்தாலும் ஆகாது. களஞ்சியம் என்ற பெயருக்குத் தகுதிபெற, ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும்.

1. கோப்பு: படம், பிடிஎஃப், ஒலிப்பதிவு, எதுவானாலும் சரி.

2. மீதரவு: அந்தப் பொருளைப் பற்றிய விவரம். தலைப்பு, எழுதியவர், காலம், ஊர், மொழி, உரிமை போன்றவை. உலகம் முழுக்க நூலகங்கள் பயன்படுத்தும் 'டப்ளின் கோர்' என்ற அடிப்படைப் பட்டியலில் இப்படி 15 கூறுகள் உண்டு. 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டப்ளின் என்ற ஊரில் நடந்த கூட்டத்தில் தொடங்கியதால் அந்தப் பெயர்.

3. நிலையான அடையாளம்: சர்வர் மாறினாலும், தளத்தின் முகவரி மாறினாலும் அந்தப் பொருளுக்கே கொண்டுபோய் விடும் எண்.

4. சரிபார்ப்புக் குறி: கோப்பு முழுவதையும் கணக்கிட்டுக் கிடைக்கும் ஒரு நீண்ட எழுத்துக் கோவை. பத்து ஆண்டு கழித்து மறுபடி கணக்கிட்டு அதே கோவை வந்தால் கோப்பு கெடவில்லை என்று அர்த்தம். ஒரு பிட் மாறியிருந்தாலும் கோவை மாறிவிடும்.

இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2000இல் ஈபிரிண்ட்ஸ் வந்தது. எம்ஐடி நூலகமும் ஹெச்பி ஆய்வகமும் சேர்ந்து 2002இல் டிஸ்பேஸை வெளியிட்டன. நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து கிரீன்ஸ்டோன் வந்தது. இந்தியக் கல்லூரி நூலகங்களில் அதிகம் தென்படுவது டிஸ்பேஸ்தான்.

இங்கே வாசகர்கள் அடிக்கடி குழம்பும் ஓர் இடம் உண்டு. காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் நடத்தும் 'சோத்கங்கா' ஒரு களஞ்சியம். பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அதில் ஒப்படைக்கின்றன, கோப்பு அங்கேயே இருக்கிறது. கரக்பூர் ஐஐடி உருவாக்கி 2018 ஜூனில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 'தேசிய டிஜிட்டல் நூலகம்' பெரும்பாலும் வேறு வகையில் வேலை செய்கிறது. பல களஞ்சியங்களிலிருந்து விவரங்களைத் திரட்டி ஒரே இடத்தில் தேட வைக்கிறது. சொடுக்கினால் மூலக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடும். ஆக, மூலக் களஞ்சியம் விவரம் கொடுக்காவிட்டால் தேசிய டிஜிட்டல் நூலகத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

மேல்வாய்: விவரம் தெரிந்தவர் யார், தட்டச்சு செய்பவர் யார்?

தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்) முறை 1980இல் ஒழிந்தது. அதனால் பழைய கணக்குக் கட்டுகள் சில இன்னும் அந்தக் குடும்பங்களின் பரண்களில் இருக்கலாம். கும்பகோணம் பக்கம் அப்படி ஒரு வீட்டில் ஒரு கட்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல்லூரி மாணவர் அதை வாங்கிப் போய் ஸ்கேன் எடுத்துத் திருப்பித் தருகிறார். நூலகத்தில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்து அந்தப் படங்களைக் களஞ்சியத்தில் ஏற்றுகிறார். தலைப்பு என்று கேட்கும் கட்டத்தில் "பழைய கணக்கு" என்று எழுதுகிறார். எழுதியவர்: தெரியாது. காலம்: தெரியாது. ஊர்: கும்பகோணம்.

அந்த வீட்டுப் பாட்டிக்கு இவை அத்தனையும் தெரியும். எழுதியது மாமனாரின் அப்பா, கட்டிலுள்ள பக்கங்கள் இரண்டு கிராமத்தைச் சேர்ந்தவை, நடுவிலுள்ள நீலத்தாள் மட்டும் வேறு வீட்டிலிருந்து வந்தது, கறையான் அரித்தது எந்த வருஷம் என்பது வரைக்கும் சொல்வார். கட்டை எடுக்கப் போனபோது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுத இடமில்லை. களஞ்சியத்தின் படிவம் நூலகக் கணினியில் இருக்கிறது, பாட்டி திண்ணையில் இருக்கிறார்.

படம் தெளிவில்லை என்றால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பாட்டியிடம் இருக்கும் விவரம் அவரோடு போய்விட்டால் எந்தக் கருவியும் அதைத் திரும்பக் கொண்டுவராது. டிஜிட்டல் திட்டங்களில் கேமராவுக்கும் ஸ்கேனருக்கும் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட இந்தப் பத்து நிமிடப் பேச்சுக்கு நாம் கொடுப்பதில்லை. டெல்டாவில் இந்தத் துறையின் ஆகப் பெரிய இழப்பு இங்கேதான் நடக்கிறது.

உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டுப் பிரதிகள் யார் யாரிடமிருந்து கிடைத்தன என்பதைத் தம் முகவுரைகளில் பெயர் சொல்லிக் குறிப்பது அவர் வழக்கம். இன்றைய களஞ்சியங்கள் 'மூலம்', 'உடைமை வரலாறு' என்று கேட்கும் கட்டங்களில் நிரப்ப வேண்டிய விவரமும் அதுவே.

ஸ்வார்டு: படிவத்தைத் திண்ணைக்குக் கொண்டுவரும் வழி

களஞ்சியத்தின் சொந்தப் படிவத்தைத் தாண்டி வெளியிலிருந்தும் பொருளை ஒப்படைக்க ஒரு பொது நெறிமுறை இருக்கிறது. நெறிமுறை என்றால், இரண்டு கணினிகள் எந்த வரிசையில் என்ன பேசிக்கொள்ள வேண்டும் என்ற உடன்பாடு. பிரிட்டனில் 2007இல் உருவான இதன் பெயர் 'ஸ்வார்டு'. 2011இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அப்புறம் வந்த மூன்றாம் பதிப்பு இன்றைய இணையத்தில் பழகிப்போன ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாறியது. டிஸ்பேஸ், ஈபிரிண்ட்ஸ் இரண்டும் ஸ்வார்டின் இரண்டாம் பதிப்பைப் புரிந்துகொள்ளும்.

அது வேலை செய்யும் விதம் நெல் கொள்முதல் நிலையத்து நடைமுறை போலத்தான்.

1. அனுப்பும் கருவி முதலில் "நான் எந்தத் தொகுப்புகளில் சேர்க்கலாம்?" என்று கேட்கும். களஞ்சியம் ஒரு சேவைப் பட்டியலைக் கொடுக்கும்: சுவடிகள், கிராமக் கணக்குகள், துண்டறிக்கைகள் என்று.

2. கருவி கோப்புகளையும் மீதரவையும் ஒரே பொதியாகக் கட்டி அனுப்பும்.

3. களஞ்சியம் ரசீது கொடுக்கும். பொருள் எந்த முகவரியில் இருக்கிறது, பின்னால் எப்படித் திருத்துவது என்பது அந்த ரசீதில் இருக்கும்.

இரண்டாம் பதிப்பில் வேறு இரண்டு வசதிகளும் உண்டு. நம் ஊர் நிலைமைக்கு அவை மிகவும் பொருந்தும். முதலாவது 'இன்னும் முடியவில்லை' என்ற குறிப்பு. களத்தில் இருப்பவர் தெரிந்ததை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, மீதியை நூலகர் முடிக்கட்டும் என்று விடலாம். பொருள் வரைவாக உள்ளே காத்திருக்கும். இரண்டாவது 'இன்னாருக்காக' என்ற குறிப்பு. மாணவர் அனுப்பினாலும், ஒப்படைப்பவர் அந்தக் குடும்பம் என்று பதிவாகும். இந்த இரண்டையும் வைத்து ஒரு செல்போன் படிவம் செய்ய முடியும். படம் எடுத்ததும் ஆறு கேள்விகள் கேட்டு, பதிலைத் தட்டச்சாகவோ குரல் பதிவாகவோ வாங்கி, சிக்னல் கிடைக்கும்போது களஞ்சியத்துக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். பெரிய மென்பொருள் நிறுவனம் எதுவும் தேவையில்லை. கணினி அறிவியல் மாணவர்கள் நாலு பேர் இறுதியாண்டுத் திட்டமாகச் செய்துவிடுவார்கள்.

ஸ்வார்டு தெரியாவிட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஃபோல்டர், அதில் படங்கள், ஒரு மீதரவுக் கோப்பு, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற ஒரு பட்டியல். இப்படி அடுக்கிக் கொடுத்தால் டிஸ்பேஸ் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொள்ளும். விவரங்களை எக்செல் தாளில் எழுதிப் பழகிய நூலகர்களுக்கு இதுதான் சுலபம். தாளிலிருந்து ஃபோல்டர்களை உருவாக்க ஒரு சின்ன நிரல் போதும்.

முக்கியமான ஒன்று. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கக் கூடாது. அது படத்தைச் சுருக்கிவிடும். எழுத்தாணிக் கீறல் போன்ற மெல்லிய கோடுகள் அதில் மங்கிப் போகும், எடுத்த தேதி முதலிய உள்விவரமும் போய்விடும். வேறு வழியே இல்லை என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது கோப்பு அப்படியே வரும்.

ஒரே ஊர், மூன்று பெயர், மூன்று மாவட்டம்

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்காக எழுதிய படிவங்களை அப்படியே எடுத்துக்கொண்டால், நம் பொருள்கள் உள்ளே போன பிறகும் தேடலில் சிக்காது. ஒப்படைப்புக் கருவி தமிழையும் டெல்டாவையும் தெரிந்து கேள்வி கேட்க வேண்டும்.

1. ஊர்ப்பெயர். இன்றைய மயிலாடுதுறை 1982 வரை மாயூரம், பேச்சில் மாயவரம். 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், அதன்பின் நாகப்பட்டினம் மாவட்டம், 2020 முதல் தனி மாவட்டம். 1930இல் எழுதிய கடிதத்தில் "தஞ்சாவூர் ஜில்லா மாயவரம்" என்று இருந்தால் அதைத் திருத்தக் கூடாது, அது அந்தக் காலத்துக்குச் சரி. ஆனால் "மயிலாடுதுறை" என்று தேடுபவருக்கும் அது கிடைக்க வேண்டும். ஆகவே கட்டங்கள் இரண்டு வேண்டும்: ஆவணத்தில் உள்ள பெயர் ஒன்றில், பொது அடையாளம் மற்றொன்றில். பொது அடையாளத்துக்கு, விக்கிப்பீடியாவின் துணைத் தளமான விக்கிடேட்டா அந்த ஊருக்குக் கொடுத்திருக்கும் எண் போதும். குடந்தை, கும்பகோணம், ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும். பொருளின் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு நிலம் விட்ட சோழர் செப்பேட்டை நாம் ஆனைமங்கலச் செப்பேடு என்கிறோம், உலகம் லைடன் செப்பேடு என்கிறது. மாற்றுத் தலைப்புக்குக் கட்டம் இல்லாத படிவத்தில் இரண்டில் ஒரு கூட்டம் ஏமாந்துபோகும்.

2. காலம். வருவாய்க் கணக்குகளில் இருப்பது பசலி ஆண்டு. பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், தொடக்கம் ஜூலை 1. பசலி 1321 என்றால் 1911 ஜூலை முதல் 1912 ஜூன் வரை. சுவடிகளில் பெரும்பாலும் அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் இருக்கும். 'பிரபவ' என்று கண்டால் அது 1927ஆ, 1867ஆ, 1807ஆ என்பதை வேறு சான்று கொண்டுதான் சொல்ல முடியும். களஞ்சியமோ ஆண்டு, மாதம், நாள் என்று எண்ணாகக் கேட்கிறது. உள்ளதை உள்ளபடி ஒரு கட்டத்தில் எழுதி, பசலியைத் தானே மாற்றும் கணக்கைப் படிவத்திலேயே வைத்துவிட்டால் பாதிப் பிழை குறையும்.

3. மொழி வேறு, எழுத்து வேறு. தஞ்சையில் இதை மறக்கவே முடியாது. சரசுவதி மகாலில் கிரந்த எழுத்தில் எழுதிய சமஸ்கிருதச் சுவடிகள் இருக்கின்றன, மராத்தியர் கால நிர்வாகத் தாள்கள் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் இருக்கின்றன. டப்ளின் கோரில் மொழிக்கு ஒரு கூறுதான். எழுத்துக்குத் தனிக் கட்டம் சேர்க்காவிட்டால், மோடி படிக்கத் தெரிந்தவர் தனக்கு உரியதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

4. எழுத்துக் குறியீடு. இது கண்ணுக்குத் தெரியாத பிழை. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக உருவாக்கலாம், திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒரு நூலகர் ஒரு விதமாகத் தட்டிய 'ஸ்ரீரங்கம்', மற்ற விதமாகத் தட்டித் தேடும் வாசகருக்கு வராமல் போகலாம். நாகப்பட்டினம் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் ஆவணத்திலும் அப்படித்தான். 'சௌ' என்பதில் உள்ள ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டுபவர்கள் ஏராளம். கொ, கோ போன்றவற்றை இரண்டு துண்டாகத் தட்டினால் யூனிகோடின் இயல்பாக்க விதி சரிசெய்துவிடும், ஆனால் ஸ்ரீயையும் சௌவையும் அது தொடாது. அவற்றுக்கு ஒப்படைப்பு வாசலிலேயே தனி விதி எழுதி வைக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்கள் இதைவிட மோசம். பார்க்கத் தமிழாக இருக்கும், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியல். யூனிகோடுக்கு மாற்றிய பிரதியையும் சேர்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும்.

அச்சுப் புத்தகமாக இருந்தால் எழுத்துணரி மென்பொருள் ஓரளவு கைகொடுக்கும், உள்ளடக்கத்தைத் தேடலாம். புள்ளியில்லாமல், சொல் பிரிக்காமல் எழுதிய ஓலையை இன்றைய பொது எழுத்துணரிகள் நம்பத்தக்க வகையில் படிப்பதில்லை. அங்கே வாசகருக்கும் ஓலைக்கும் நடுவே இருக்கும் ஒரே கயிறு மீதரவுதான்.

கீழ்வாய்: வெளியே போகும் வழிகள்

எல்லா இணைப்புகளுக்கும் அடித்தளம் நிலையான அடையாளம். டிஸ்பேஸ் இதற்கு 'ஹேண்டில்' என்ற முறையைப் பயன்படுத்துகிறது. நிறுவனத்துக்கு ஒரு முன்னெண், அதன் பின் ஒரு சாய்வுக்கோடு, பிறகு பொருளின் எண். முன்னெண்ணைப் பதிவு செய்து ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணம் கட்ட வேண்டும். மென்பொருளை நிறுவும்போது சோதனைக்காக 123456789 என்ற முன்னெண் அதில் போட்டிருக்கும். நம் நாட்டுக் களஞ்சியங்களின் முகவரிகளைப் பார்த்தால் அந்த 123456789 மாற்றப்படாமலே இருப்பதைப் பல இடங்களில் காணலாம். அப்படியென்றால் அந்த நிறுவனத்துக்கு நிலையான அடையாளமே இல்லை. தளத்தின் முகவரி மாறிய அன்று, மாணவர்கள் ஆய்வேடுகளில் அடிக்குறிப்பாகக் கொடுத்த அத்தனை இணைப்புகளும் அறுந்துவிடும். ஒரு கல்லூரியின் களஞ்சியம் எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே போதும்.

அடித்தளம் சரி என்றால், இணைப்புகள் இவை:

1. அறுவடை நெறிமுறை. முழுப்பெயர் நீளமானது, நூலகர்கள் 'ஓஏஐ' என்பார்கள். 2001இல் வந்தது, 2002இல் வந்த இரண்டாம் பதிப்புதான் இன்றும் நடைமுறையில். திரட்டும் தளம் ஆறே கேள்விகள் கேட்கலாம்: நீ யார், என்னென்ன வடிவத்தில் விவரம் தருவாய், என்னென்ன தொகுப்புகள் இருக்கின்றன, அடையாளப் பட்டியல் கொடு, முழு விவரப் பட்டியல் கொடு, இந்த ஒன்றை மட்டும் கொடு. "போன மாதம் முதல் தேதிக்குப் பிறகு சேர்ந்தவை மட்டும்" என்றும் கேட்கலாம். தேசிய டிஜிட்டல் நூலகம் போன்றவை விவரம் திரட்டப் பொதுவாக நம்பியிருப்பது இத்தகைய வசதியைத்தான். இதில் ஒரு பொறி உண்டு. எல்லாக் களஞ்சியமும் கட்டாயம் தர வேண்டியது எளிய டப்ளின் கோர் வடிவம் மட்டும். மோடி எழுத்து, பசலி என்று நாம் சேர்த்த சொந்தக் கட்டங்கள் வழியிலேயே உதிர்ந்துவிடும். அவற்றை 'விவரணை' என்ற கூறிலும் ஒரு வரியாக எழுதி வைத்தால் சேர்ந்தே பயணம் போகும்.

2. தேடுபொறிகள். கூகுள் ஸ்காலர் ஒரு பக்கத்தை ஆய்வுப் படைப்பாக அடையாளம் காண, பக்கத்தின் தலைப்பகுதியில் 'சைட்டேஷன்' என்று தொடங்கும் குறிச்சொற்களை எதிர்பார்க்கிறது. டப்ளின் கோரைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரு பிடிஎஃப் 5 எம்பிக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதன் வழிகாட்டுதல். நானூறு பக்க ஆய்வேட்டை வண்ணப்படமாக ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

3. படங்களுக்கான பொது மொழி. 2011இல் தொடங்கிய இந்த முயற்சியை 'ட்ரிபிள் ஐ எஃப்' என்பார்கள். ஒரு படத்தின் இணைய முகவரியிலேயே எந்தப் பகுதி, எந்த அளவு, எவ்வளவு திருப்பம் என்று சொல்லிவிடலாம். ஓலையின் இடப்பக்கத் துளைக்கு அருகிலுள்ள இரண்டு வரி மட்டும் வேண்டுமென்றால், முகவரியில் நாலு எண்களை மாற்றினால் போதும், முழுப் படத்தையும் இறக்க வேண்டாம். இதைவிடப் பெரிய பயன், வேறு வேறு நூலகங்களிலுள்ள படங்களை ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது.

தரங்கம்பாடியை எண்ணிப் பாருங்கள். 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய மடல் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அந்த ஊர் டேனிஷ்காரர்கள் கையில் இருந்ததால், நிர்வாக ஆவணங்களும் பெருமளவு அங்கேதான். 1706இல் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய தமிழ் ஓலைகள் ஜெர்மனியில் ஹாலே நகரின் ஃபிராங்கே நிறுவனத்தில் இருக்கின்றன. தரங்கம்பாடியை அடுத்த பொறையாரில் இருக்கும் ஒரு மாணவர் தன் ஊர் வரலாற்றை எழுத மூன்று நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இரு பக்கக் களஞ்சியங்களும் இந்தப் பட மொழியைப் பேசினால், ஹாலேயின் ஓலையும் தஞ்சையின் ஓலையும் அவர் மேசையில் ஒன்றாக வந்து சேரும். பொருளைத் திருப்பிக் கேட்பது வேறு வழக்கு, அது நடக்கட்டும். அதற்காகப் படிப்பு காத்திருக்க வேண்டியதில்லை.

4. விக்கிப்பீடியா, விக்கிமூலம், விக்கிடேட்டா. ஊர்க் கட்டுரையின் அடியில் களஞ்சிய இணைப்பு ஒன்று இருந்தால், நூலகம் என்ற சொல்லே தெரியாமல் தேடி வருபவரும் மூலத்துக்குப் போய்விடுவார். செலவில்லாத இணைப்பு இதுதான், ஆனால் யாரும் செய்வதில்லை.

எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டுமா?

வேண்டாம். ஒப்படைக்கும் நேரத்திலேயே மூன்று கேள்விகள் கேட்டுப் பதிலைப் பதிவு செய்தால் போதும். பதிப்புரிமை முடிந்துவிட்டதா? இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். பொருளை வைத்திருப்பவர் சம்மதம் எதுவரை? படத்தைக் காட்ட விருப்பமில்லை, விவரத்தை மட்டும் காட்டலாம் என்று ஓர் ஆதீனமோ குடும்பமோ சொன்னால் களஞ்சிய மென்பொருள்கள் அதைத் தாராளமாகச் செய்யும், குறிப்பிட்ட தேதிவரை பூட்டியும் வைக்கும். மூன்றாவது, உயிரோடு இருப்பவர்களின் நிலம், கடன், நோய் பற்றிய செய்தி உள்ளே இருக்கிறதா? கட்டை வாங்கிய ஆறு மாதம் கழித்து இவற்றைக் கேட்கப் போனால் பதில் கிடைக்காது, நம்பிக்கையும் போய்விடும். விவரம் மட்டும் திறந்திருந்தாலும்கூட, அப்படி ஒரு சுவடி இருக்கிறது என்பது உலகுக்குத் தெரிந்துவிடும். அதுவே பெரிய காரியம்.

ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும்?

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் மீது தாக்குதல் நடந்தது. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காக அது நடத்தும் திட்டத்தின் படங்களை நெடுநாள் பார்க்க முடியவில்லை. தமிழ்நாட்டில் எடுத்த படங்களும் அந்தத் திட்டத்தில் உண்டு. அடுத்த ஆண்டு அக்டோபரில் இண்டர்நெட் ஆர்க்கைவ் தாக்கப்பட்டு நாள்கணக்கில் முடங்கியது. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே அந்தக் கதி. நம் கரையிலோ 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், ஓடுகளையும் கீற்றையும் பிய்த்துக்கொண்டு போனது. பரணிலிருந்த காகிதத்துக்கு ஒரே இரவு போதும்.

வெளியே இணைப்பு உள்ள களஞ்சியத்தில் இதற்கும் ஒரு மருந்து இருக்கிறது. ஒரே பொருளை இரண்டு மூன்று இடங்களில் வைத்துக்கொள்ள முடியும். கோப்புகளையும் சரிபார்ப்புக் குறிகளின் பட்டியலையும் ஒன்றாகக் கட்டும் 'பேகிட்' என்ற எளிய பொதி முறையில் கட்டி வேறு ஊரிலுள்ள நூலகத்துக்கு அனுப்பினால், போய்ச் சேர்ந்தது முழுதாகச் சேர்ந்ததா என்று அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள். தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் ஒரே புயலில் மாட்டலாம். ஆகவே ஒரு பிரதியாவது டெல்டாவுக்கு வெளியே இருக்க வேண்டும்.

சிறிய நூலகம் எங்கே தொடங்குவது?

டிஸ்பேஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கல்லூரி நூலகத்துக்கு வரிசை இப்படி இருந்தால் நல்லது.

1. ஹேண்டில் முன்னெண்ணைப் பதிவு செய்து 123456789ஐ மாற்றுங்கள். புதிதாக எதையும் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க மாற்ற வேண்டிய இணைப்புகள் கூடிக்கொண்டே போகும்.

2. ஓஏஐ வசதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்பேஸில் உள்ளதுதான், இயக்காமல் விட்டிருப்பார்கள்.

3. ஊர்ப்பெயர், பசலி, எழுத்து, மாற்றுத் தலைப்பு, உடைமை வரலாறு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் சேருங்கள். ஸ்ரீ, சௌ திருத்த விதிகளையும் கூடவே எழுதிவிடுங்கள்.

4. அதன்பின் செல்போன் படிவம். முதலில் வெறும் காகிதப் படிவமாகவே பத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் வருகிறது, எது யாருக்கும் புரியவில்லை என்பது அப்போது தெரியும். நிரல் எழுதுவது அதற்குப் பிறகு.

5. கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சீட்டும் கொடுங்கள். அதில் ஹேண்டில் முகவரி பெரிய எழுத்தில், பக்கத்தில் க்யூஆர் குறி, ஒப்படைத்த தேதி, ஒப்படைத்தவர் பெயர். நல்ல தாளில் அச்சடித்து, சுவடியானால் மேல்கட்டைக்கு அடியிலும், கணக்குக் கட்டானால் முதல் தாளுக்கு முன்னாலும் வையுங்கள். கட்டு அடுத்த வீட்டுக்கோ அடுத்த தலைமுறைக்கோ போகும்போது அந்த எண்ணும் கூடவே போகும். கயிற்றை அவிழ்ப்பவர் அதைச் செல்போனில் காட்டினால், அந்தப் பாட்டி சொன்னது அத்தனையும் திரையில் வரும்.